எல்லை மாமா பதில்கள்: பேதி உப்பு முதல் கிளைசினேட் வரை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் மெக்னீசியம். வாளையாற்றிலிருந்து வண்டிப்பெரியாறு வரை எல்லாருக்கும் ஒரே சமயத்தில் வயிறு கட்டிக்கொண்டதா, இல்லை எல்லாரும் ஒரே வீடியோவைப் பார்த்தீர்களா? எதுவானாலும் சரி, மாமா பேனாவைத் திறந்தாயிற்று.

ஏனுங்க மாமா, மெக்னீசியம் மெக்னீசியம்னு ஊரே பேசுதே, அது உடம்புல என்னதான் பண்ணுது?
— விவசாயி, கொழிஞ்சாம்பாறை

வளர்ந்த மனுஷன் உடம்பில் மொத்தமே 25 கிராம். தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். அதிலும் பாதிக்கு மேல் எலும்பில் பதுங்கியிருக்கிறது. ஆனால் 300-க்கும் மேற்பட்ட நொதிகள் அது பக்கத்தில் இருந்தால்தான் வேலை பார்க்கும். நரம்பு, தசை, இதயத் துடிப்பு எல்லாம் அதன் இலாகா. நம்ம வில்லேஜ் ஆபீசர் மாதிரி என்று வையுங்கள்: ஆள் ஒருத்தர், ஊருக்கே அவர் கையெழுத்து வேண்டும்.

ஸ்கூல் லேப்ல மெக்னீசியம் ரிப்பனை எரிச்சுக் காட்டினாங்க. தாத்தா சாப்பிடுற மாத்திரையும் அதுதானா?
— ஒன்பதாம் வகுப்பு மாணவன், மறையூர்

கண்ணைக் கூசவைத்து எரிந்ததே, அது தாத்தா மாத்திரை இல்லை. எரிந்து முடிந்து கிண்ணத்தில் மிஞ்சியதே வெள்ளைச் சாம்பல், அதுதான் தாத்தா மாத்திரை: மெக்னீசியம் ஆக்சைடு. 1808-ல் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேயர் அதிலிருந்து உலோகத்தைத் தனியே பிரித்துக் காட்டினார். நீ சாம்பலை நக்கிப் பார்த்துத் திரும்ப நிரூபிக்க வேண்டாம். டீச்சர் எனக்குத்தான் போன் போடுவார்.

பேதி உப்பு பேதியாக்குவது எப்படி?
— டீக்கடைக்காரர், வேலந்தாவளம்

குடல் அதை முழுசாக உறிஞ்சாது. உள்ளே தங்கிய உப்பு சும்மா இருக்காமல் சுற்றுவட்டாரத் தண்ணீரை எல்லாம் தன் பக்கம் இழுக்கும். இறுகிக் கிடந்தது இளகும். மற்றதை உங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் கதவு பார்த்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடித்தது மாடு என்று ஒரு கதை உண்டு. 1618 வாக்கில் இங்கிலாந்தில் எப்சம் என்ற ஊரில், தாகத்தோடு போன மாடு ஒரு குட்டைத் தண்ணீரை மோந்து பார்த்துவிட்டு விலகிவிட்டதாம். ஏனென்று குடித்துப் பார்த்தவர்களுக்கு விடை சீக்கிரமே கிடைத்தது. அந்த ஊர்ப் பெயரால்தான் பேதி உப்புக்கு எப்சம் உப்பு என்று பெயர். மாடு வேண்டாமென்றதை மனுஷன் பாட்டிலில் அடைத்து விற்ற முதல் சம்பவம் இதுவாக இருக்காது, கடைசியும் இல்லை.

தென்னைக்குப் போட வாங்கின மெக்னீசியம் சல்பேட் அரை மூட்டை மிச்சம் கிடக்குது. அதுவும் பேதி உப்பும் ஒண்ணுதான்னு பக்கத்து வீட்டுக்காரர் சொல்றாரு. ஒரு ஸ்பூன் கலக்கிக் குடிக்கலாமுங்களா?
— தென்னந்தோப்புக்காரர், எருத்தேம்பதி

பெயர் ஒன்று, குலம் வேறு. உர மூட்டைக்கு உர வேலைக்கான சுத்தம் போதும். ஈயமோ காட்மியமோ வேறெந்த அழுக்கோ கொஞ்சம் கலந்திருந்தால் தென்னை உங்கள் மேல் கேஸ் போடாது. மருந்துக்கடை உப்பு வேறு கணக்கில் சுத்தம் செய்யப்பட்டது, பொட்டலத்தில் அப்படி எழுதியும் இருக்கும்.

கேரளத்து மண்ணுக்கு மெக்னீசியப் பஞ்சம் உண்மைதான். பெய்கிற மழை அதைக் கரைத்துக்கொண்டு போய்விடுகிறது. அதனால்தான் மரத்துக்கு வருஷம் அரைக் கிலோ என்று விவசாயப் பல்கலைக்கழகம் சொல்கிறது. அந்த அரைக் கிலோ மரத்துக்கு. பக்கத்து வீட்டுக்காரர் விரும்பினால் அவர் முதலில் குடிக்கட்டும்.

அயர்லாந்துல நர்ஸா இருக்கிற மருமக ஒரு பாட்டில் அனுப்பியிருக்கா. மெக்னீசியம் கிளைசினேட் 2000 மில்லிகிராம்னு போட்டிருக்கு. இவ்வளவு சாப்பிட்டா என் பேரு சரித்திரத்துல வந்துருமா?
— ஓய்வுபெற்ற தபால்காரர், மூணாறு

வராது. லேபிளைத் திருப்பி, பொடி எழுத்தைப் படியுங்கள். 2000 என்பது உப்பின் மொத்த எடை. கிளைசினேட்டில் மெக்னீசியம் நூற்றுக்கு 14 தான், ஆக சுமார் 280 மில்லிகிராம். அதுவும் ஒரு குளிகையில் இல்லை, 'ஒரு வேளை' என்று அவர்கள் எழுதும் மூன்றோ நாலோ குளிகையில். பார்சல் கனத்துக்கும் உள்ளே இருக்கும் மணியார்டருக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கா சொல்லித் தரவேண்டும்?

மற்ற சாதிகளையும் சொல்லிவிடுகிறேன். ஆக்சைடில் நூற்றுக்கு 60, கணக்கில் பணக்காரன்; ஆனால் உடம்பில் ஒட்டுவது சொற்பம், மிச்சமெல்லாம் பேதிக் கணக்கில் போகும். சிட்ரேட்டில் 16 வாக்கில், கொஞ்சம் ஒட்டும், கொஞ்சம் இளக்கும். பேதி உப்பில் 10, வேலை முழுக்க வயிற்றில்தான். வயிறு போகவேண்டுமா, உடம்பில் சேரவேண்டுமா என்று முடிவு பண்ணாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் முடிவு பண்ணுவார்.

ஒரு நாளைக்கு எவ்வளவுதான் வேணும்? ஒரே வரியில் சொல்லவும்.
— அவசரக்காரன், குமுளி

நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன கணக்கு: ஆணுக்கு 440 மில்லிகிராம், பெண்ணுக்கு 370.

இரண்டாவது வரியையும் கேட்டுவிட்டுப் போங்கள். அது சாப்பாடு, தண்ணீர் எல்லாம் சேர்த்து. மாத்திரையாக மட்டும் எடுப்பதற்கு அமெரிக்கர்கள் 350-ல் கோடு போட்டார்கள், ஐரோப்பியர்கள் 250-ல். டாக்டர் சொல்லாமல் அந்தக் கோட்டைத் தாண்டினால் முதலில் எச்சரிப்பது வயிறு. அதற்கும் அவசரம்தான்.

கம்பத்திலேருந்து தினமும் தோட்டத்து ஜீப்புல ஏலக்கா எடுக்க மலையேறுறேன். நாலு நாளைக்கு ஒருதரந்தான் வெளிக்குப் போகுது. மெடிக்கல்ல வெள்ளை சிரப்பு குடுத்தாங்க, மில்க் ஆஃப் மெக்னீசியாவாம். தெனமும் குடிக்கலாமா மாமா?
— கம்பமெட்டு வழியே போகும் வாசகி

தாயி, உனக்கு மட்டும் கிண்டல் கிடையாது.

நாலு மணிக்கு எழுந்து சோறு வடித்துத் தூக்குவாளியில் அடைத்து, விடிகிறதற்குள் ஜீப் ஏறுகிறாய். முழங்காலும் முழங்காலும் முட்ட உட்கார்ந்த கூட்டம். வழியில் நிறுத்தச் சொல்ல வாய் வராது என்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. தோட்டத்தில் செடி மறைவு உண்டு, அட்டை உண்டு, சூப்பர்வைசர் விசில் உண்டு. பல தோட்டங்களில் கக்கூஸ் மட்டும் கிடையாது. வருகிற உணர்ச்சியை அடக்கி அடக்கி, கடைசியில் குடலும் 'இவ கேக்க மாட்டா' என்று கூப்பிடுவதையே விட்டுவிடும். உனக்குக் குறைந்தது மெக்னீசியம் இல்லை. தண்ணீரும் தாழ்ப்பாள் போட்ட ஒரு கதவும்தான்.

தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, எட்டிப்போகிற தூரத்தில் கட்டவேண்டும் என்று 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் எழுதியாயிற்று. எழுதி எழுபது வருஷம் தாண்டிவிட்டது, கழிப்பறை இன்னும் மலையேறி வந்து சேரவில்லை.

சிரப்பை சனிக்கிழமை ராத்திரி, பாட்டிலில் போட்ட அளவு, பெரிய டம்ளர் தண்ணீரோடு குடி. அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வேலை செய்யும், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருப்பாய். தினமும் குடித்தால்தான் போகும் என்ற நிலை ஒரு வாரத்தைத் தாண்டினால் சிரப்பை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார். ஜீப்பில் ஏறும் நாளில் மட்டும் தொடவே தொடாதே.

தினமும் போகணும்னு சட்டம் இருக்கா?
— கவலையுள்ளவன், தேவிகுளம்

மேற்படி சட்டத்தில் இல்லை. நாளுக்கு மூன்று தடவையிலிருந்து வாரத்துக்கு மூன்று தடவை வரை எல்லாமே சகஜம்தான். முக்காமல், வலிக்காமல் போனால் காலண்டரைப் பார்க்காதீர்கள்.

ஆனால் ஐம்பது வயசுக்கு மேல் திடீரென்று பழக்கம் மாறினால், ரத்தம் கலந்தால், காரணமில்லாமல் எடை இறங்கினால் மருந்துக்கடை வாசலில் நிற்காதீர்கள், ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வயிறு உப்பி வாந்தியும் சேர்ந்து வந்தால் எந்தப் பேதி மருந்தையும் தொடக்கூடாது. அடைத்த குழாயில் அழுத்தம் கொடுத்தால் என்ன ஆகும் என்று பிளம்பரைக் கேளுங்கள்.

எங்க கொழந்தைக்கு மூணு வயசு. அவனுக்கும் ரெண்டு ஸ்பூன்?
— இளம் தாய், கோவிந்தாபுரம்

கூடாது. குழந்தைக்குக் கணக்கு போடுகிறவர் குழந்தை மருத்துவர் மட்டும்தான். மாமியாரும் இல்லை, மாமாவும் இல்லை.

எலிப்பனி வராம இருக்க பஞ்சாயத்துல டாக்சி மாத்திரை குடுத்தாங்க. வயிறு எரிஞ்சுதுன்னு கூடவே ஜெலுசிலும் குடிச்சேன். தப்பா?
— தொழிலுறுதிப் பணியாளர், சித்தூர்

மாத்திரையைக் கொடுத்தது அரசாங்கம், கெடுத்தது நீங்கள். ஜெலுசிலில் இருக்கும் மெக்னீசியமும் அலுமினியமும் டாக்சிசைக்ளினைக் கண்டால் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழும். கட்டிப்பிடித்த இரண்டும் ரத்தத்துக்குள் நுழையாமல் அப்படியே வெளியேறும். நீங்கள் எலிக்காய்ச்சலுக்கு மருந்து சாப்பிட்டதாக நினைத்துக்கொண்டு சேற்றில் இறங்குவீர்கள். எலிக்கு உண்மை தெரியும்.

2018 வெள்ளத்தின்போது வாரம் 200 மில்லிகிராம் என்று கேரளம் முழுக்கக் கொடுத்த அதே மாத்திரை. சாப்பிட்டபின் முழு டம்ளர் தண்ணீரோடு முழுங்கி, உடனே படுக்காமல் இருந்தால் எரிச்சலே பாதி குறையும். அப்புறமும் எரிந்தால் இரண்டு மணி நேரமாவது தள்ளி ஜெலுசில். சிப்ரோஃப்ளாக்ஸசினுக்கும் இதே ஜாக்கிரதைதான்.

தைராய்டு மாத்திரை காலையில, மெக்னீசியம் மாத்திரையும் காலையில. ஒரே மடக்குல முடிச்சிடறேன்.
— ஆசிரியை, பீர்மேடு

டீச்சர், இரண்டு பேருக்கும் நடுவில் நாலு மணி நேர இடைவெளி விடுங்கள். காப்பியடிக்கிற பையன்களைப் பிரித்து உட்காரவைப்பீர்களே, அதே முறை. எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு மாத்திரை போடுகிறவர்களும், இரும்புச்சத்து மாத்திரை போடுகிறவர்களும் அதே வகுப்பில் உட்காரலாம்.

நாலு வருஷமா காலையில் வெறும் வயிற்றில் பான்டாபிரசோல். அது இல்லாட்டி காப்பி இறங்காது. இப்ப கை காலெல்லாம் வெட்டி வெட்டி இழுக்குது. மெக்னீசியம் குறைவா இருக்குமோ?
— ஹோட்டல் முதலாளி, வாளையாறு

நூற்றுக்குத் தொண்ணூறு கேள்வியில் 'வீடியோ பார்க்காதீர்கள்' என்பேன். உங்கள் கேள்வி மிச்சம் பத்தில் ஒன்று. அமிலத்தை அடக்கும் இந்த வகை மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டால் மெக்னீசியம் இறங்கலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2011-ல் எச்சரித்தது. அவர்கள் பார்த்தவர்களில் கால்வாசிப் பேருக்கு மெக்னீசியம் ஊட்டியும் ஏறவில்லை, அமில மாத்திரையை நிறுத்தியபிறகுதான் சரியானது. பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையும் சேர்ந்திருந்தால் இரட்டை ஓட்டை.

ரத்தப் பரிசோதனை செய்து டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரை இன்னும் தேவையா என்றும் அப்படியே கேளுங்கள். நாலு வருஷமாக யாரும் கேட்காததால்தான் அது ஓடிக்கொண்டிருக்கிறது. நெஞ்சு படபடத்தால் கேள்வி-பதிலுக்கு எழுதாமல் நேரே கேஷுவாலிட்டி.

ரத்தத்துல மெக்னீசியம் நார்மல்னு வந்துடுச்சு. அப்ப குறைவே இல்லைனு அர்த்தமா?
— லேப் ரிப்போர்ட் ரசிகர், பாலக்காடு

பெரும்பாலும் ஆமாம், முழுக்க இல்லை. உடம்பின் மெக்னீசியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் ஓடுவதில்லை. சட்டைப்பையைத் தடவி வங்கி இருப்பைச் சொல்வது மாதிரிதான் இந்தப் பரிசோதனை. ஆனால் சட்டைப்பை காலி என்று வந்தால் அலட்சியப்படுத்தாதீர்கள். வங்கியும் காலியாகிக்கொண்டிருக்கும்.

அப்பாவுக்குச் சர்க்கரை இருபது வருஷமா இருக்கு. கிரியேட்டினின் 3-க்கு மேல. மலச்சிக்கலும் உண்டு. மெக்னீசியம் இயற்கையானதுதானே, குடுக்கலாமா?
— மகன், அடிமாலி

கொடுக்காதீர்கள். மாத்திரை, சிரப், பேதி உப்பு, ஜெலுசில் எதுவும் டாக்டர் சொல்லாமல் கூடாது.

கூடுதலாகப் போன மெக்னீசியத்தை வெளியேற்றும் ஒரே வாசல் சிறுநீரகம். அப்பாவுக்கு அந்த வாசல் பாதிக்கு மேல் சாத்தியாகிவிட்டது. உள்ளே சேரச் சேர முதலில் குமட்டும், பிறகு அசத்தும், பிரஷர் இறங்கும், இதயமும் மூச்சும் மெதுவாகும். வீட்டில் இருப்பவர்கள் 'பெரியவர் நல்லாத் தூங்குறார்' என்று கதவைச் சாத்திவிட்டுப் போவார்கள். ஜப்பானில் வயசானவர்களுக்கு மலச்சிக்கலுக்காக மெக்னீசியம் ஆக்சைடு கொடுப்பது நீண்டகாலப் பழக்கம். சாவுகள் வந்தபிறகு 2008-லும் 2015-லும் அரசே எச்சரிக்கை விடவேண்டியிருந்தது.

'இயற்கையானது' என்றீர்கள். மூணாறு பள்ளத்தாக்கும் இயற்கையானதுதான்.

ஜெலுசில், டைஜீன்ல ஏன் எப்பவும் அலுமினியத்தையும் மெக்னீசியத்தையும் சேர்த்தே போடுறாங்க?
— பி.எஸ்ஸி. மாணவி, நெம்மாறா

அலுமினியம் தனியாக வந்தால் மலத்தைக் கட்டும், மெக்னீசியம் தனியாக வந்தால் இளக்கும். ஒருத்தர் பிரேக், ஒருத்தர் ஆக்சிலேட்டர். சண்டை சமமாக இருக்கும்வரை உங்கள் வயிற்றில் அமைதி. எங்கள் வீட்டில் 40 வருஷமாக இதே ஃபார்முலாதான்.

அக்காவுக்குப் பிரசவ வார்டுல பிரஷர் ஏறி, வலிப்பு வராம இருக்க மெக்னீசியம் ஊசி போட்டாங்க. பேதி உப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?
— தங்கை, வண்டிப்பெரியாறு

சம்பந்தம் என்ன, ஆளே அதே ஆள்தான்: மெக்னீசியம் சல்பேட். உரக்கடையில் மூட்டையாக, மருந்துக்கடையில் பொட்டலமாக, லேபர் ரூமில் கிருமி நீக்கிய ஊசி மருந்தாக. 33 நாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் பார்த்து 2002-ல் வெளிவந்த மேக்பை ஆய்வு, இந்த மலிவு ஊசி வலிப்பு அபாயத்தைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று காட்டியது.

சிஸ்டர் அடிக்கடி வந்து அக்காவின் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டியிருப்பாரே, கவனித்தாயா? கால் துள்ளினால் சரி. துள்ளாவிட்டால் மருந்து கூடிவிட்டது என்று பொருள், அடுத்த ஊசியை நிறுத்திவிடுவார்கள். மாற்று மருந்தாகக் கால்சியம் குளுக்கோனேட் பக்கத்திலேயே இருக்கும். இவ்வளவு காவலோடு கொடுக்கிற சரக்கைத்தான் நம் ஆட்கள் உள்ளங்கையில் கொட்டி, 'இவ்ளோ போதுமா' என்று கண்ணால் அளக்கிறார்கள்.

நாள் முழுக்க நின்னு கொழுந்து எடுத்துட்டு வந்தா ராத்திரி கெண்டைக்கால் பிடிச்சுக்குது. மெக்னீசியம் போட்டா நிக்குமாமே?
— தேயிலைத் தொழிலாளி, லயத்து வீடு, மூணாறு

விளம்பரத்தில் நிற்கும். நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்றுசேர்த்துப் பார்த்த காக்ரேன் குழு, வயசானவர்களின் ராத்திரிப் பிடிப்புக்கு மெக்னீசியத்தால் பெரிய பலனிருக்க வாய்ப்பில்லை என்று 2020-ல் எழுதிவிட்டது. பிடிக்கும்போது காலை நீட்டி, பாதத்தை முழங்காலை நோக்கி மடக்கிப் பிடியுங்கள். விடும். படுக்குமுன் அதையே பத்துத் தடவை செய்துவிட்டுப் படுங்கள். காசு கேட்காத வைத்தியம், அதனால்தான் யாரும் வீடியோ போடுவதில்லை.

வெந்நீரில் எப்சம் உப்பு போட்டுக் காலை வைத்தால் தோல் வழியாக மெக்னீசியம் ஏறும் என்கிறார்களே?
— மேற்படி லயத்துப் பக்கத்து வீடு

ஏறுவதற்கு நல்ல சாட்சி இல்லை. ஆனால் பகல் முழுக்க கம் பூட்ஸில் ஊறிய கால், இருபது நிமிஷம் சுடுதண்ணீரில் சும்மா இருக்கிறதே, அதன் சுகத்துக்குச் சாட்சி வேண்டியதில்லை. உப்பு இல்லாமலும் அதே சுகம். சர்க்கரைக்காரர்கள் சூட்டைக் கையால் பார்க்கவேண்டும், மரத்த காலுக்குச் சூடு தெரியாது.

தேயிலைக் கொழுந்து அவ்வளவு பச்சையா இருக்கே, அதுல மெக்னீசியம் இருக்குமா?
— சுற்றுலா வழிகாட்டி, மூணாறு

பச்சை என்பதே மெக்னீசியம்தான். இலைப்பச்சையத்தின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் நட்டநடுவே ஒரு மெக்னீசியம் அணு உட்கார்ந்திருக்கிறது. இலைப்பச்சையத்தை ஆராய்ந்து இதைத் துலக்கிய ரிச்சர்ட் வில்ஸ்டேட்டருக்கு 1915-ல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். மூணாறு மலைச்சரிவில் சுற்றுலாக்காரர்கள் நின்று செல்ஃபி எடுப்பது மெக்னீசியத்தோடுதான். அடுத்த கும்பலுக்கு இதைச் சொல்லுங்கள், டிப்ஸ் கூடும். கட்டன் சாயாவில் மிஞ்சி இறங்குவது மிகக் கொஞ்சம், அதை நம்பி மாத்திரையை விடாதீர்கள்.

எங்க போர்த் தண்ணியில துவரம்பருப்பு மூணு விசில் வெச்சாலும் வேகறதில்லைங்க. தண்ணியிலேயே மெக்னீசியம் இருக்குன்னு சொல்றாங்க. அப்ப மாத்திரை மிச்சமா?
— இல்லத்தரசி, வடகரப்பதி

பருப்பை வேகவிடாமல் தடுப்பது கால்சியமும் மெக்னீசியமும்தான். பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்று ஒரு பசை உண்டு. இவை இரண்டும் அதைப் பிடித்து இறுக்கிவிடும். இந்தியத் தரநிர்ணயம் குடிநீர் லிட்டருக்கு மெக்னீசியம் 30 மில்லிகிராம் போதும் என்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 100 வரை பொறுத்துக்கொள்கிறது. 100 உள்ள தண்ணீரில் இரண்டு லிட்டர் குடித்தால் 200 மில்லிகிராம் இலவசம். மருமகன் விருந்துக்கு வந்து இரண்டாம் நாள் வயிற்றைப் பிடிப்பது சமையலாலேயே என்று இனிமேல் சொல்லாதீர்கள்.

உங்கள் சித்தூர் தாலுகாவில் தண்ணீர் சிரிப்புச் சமாசாரம் இல்லை. கிணற்றுத் தண்ணீர் சோறாக்கவும் குடிக்கவும் ஆகவில்லை என்றுதான் பிளாச்சிமடையில் 2002-ல் அந்த ஊர் மயிலம்மாவும் மற்றவர்களும் குளிர்பான ஆலைக்கு எதிராகப் போராட்டப் பந்தலில் உட்கார்ந்தார்கள். உங்கள் தண்ணீரை வாட்டர் அதாரிட்டி லேபில் கொடுத்துப் பாருங்கள், ஃபுளோரைடையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். சித்தூர் கிழக்கில் அது பழைய வில்லன்.

நாங்க ஆர்.ஓ. போட்டாச்சு. பருப்பு பஞ்சு மாதிரி வேகுது!
— அவருடைய நாத்தனார்

நல்லது. மெக்னீசியமும் பஞ்சாய்ப் பறந்துபோயிற்று. குழாயில் வந்ததை வடிகட்டிச் சாக்கடையில் விட்டுவிட்டு, மாத்திரையாக மாடியேற்றுகிற குடும்பம் உங்களுடையது.

கள்ளுல மெக்னீசியம் இருக்குதுங்களா?
— பெயர் வேண்டாம், சித்தூர்

கொஞ்சம் இருக்கிறது. ஆனால் போதை ஏறியதும் சிறுநீரகம் மெக்னீசியத்தை அள்ளி வெளியே கொட்ட ஆரம்பிக்கும். வரவு கிளாஸில், செலவு குடத்தில். பெயர் வேண்டாம் என்றீர்கள். கையெழுத்து ஆடுவதிலேயே ஆள் தெரிந்துவிட்டது.

மாத்திரை இல்லாம சாப்பாட்டிலேயே சேர்க்க முடியாதா?
— அங்கன்வாடி ஊழியர், அட்டப்பாடி

அட்டப்பாடியில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? இருளரும் முடுகரும் குறும்பரும் மலங்காட்டில் விதைத்த ராகியும் சாமையும் துவரையும்தான் பதில். ராகி 100 கிராமில் சுமார் 140 மில்லிகிராம். வடித்த வெள்ளைச் சோறு அதே அளவில் 12-ஐத் தாண்டுவதே பெரும்பாடு. தவிட்டோடு மெக்னீசியமும் மில்லிலேயே இறங்கிவிடுகிறது. மட்டை அரிசியைத் தீட்டாமல் வைத்தால் மிஞ்சும். எள்ளில் 350, முந்திரியில் 290 வாக்கில், பூசணி விதையில் 500-க்கும் மேல். அந்த விதையைத்தான் நாம் வழித்துக் கோழிக்குப் போடுகிறோம், கோழி கொடுத்துவைத்தது.

கூழைப் புளிக்கவைத்துக் குடித்த பாட்டிக்கு இன்னொரு சூட்சுமமும் தெரிந்திருந்தது. தானியத்தில் மெக்னீசியத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டேட் என்ற பூட்டைப் புளிப்பு தளர்த்திவிடும். பாட்டிக்கு அந்தப் பெயர் தெரியாது, மண்பானை தெரியும்.

கேரள அரசு 2017-ல் அட்டப்பாடியில் சிறுதானிய கிராமத் திட்டம் தொடங்கியது. ஊர்க்காரர்கள் கைவிடும்படி ஆன பயிரை, ஊர்க்காரர்களுக்கே திட்டம் போட்டுத் திரும்பச் சொல்லித்தரவேண்டி வந்தது.

மெக்னீசியம் போட்டா அடிச்சுப் போட்ட மாதிரி தூக்கம் வருமாமே?
— தூங்காதவன், மலம்புழா

குறைபாடு உள்ளவருக்குக் கொஞ்சம் உதவலாம். மற்றவர்களுக்கு ஆதாரம் மெலிசு. இந்தத் தகவல் இருந்த வீடியோவை ராத்திரி எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள் என்று எழுதவும்.

கம்பத்துல வாங்குனா நல்ல சரக்கா, குமுளியில வாங்குனா நல்ல சரக்கா?
— இரண்டு ஊருக்கும் நடுவில் உள்ளவர், லோயர்கேம்ப்

நடுவில் இருக்கும் மாநில எல்லைக் கோடு குடலுக்குத் தெரியாது. சத்து மாத்திரையானால் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், மருந்தானால் மருந்து உரிம எண், இரண்டிலும் காலாவதித் தேதி. இவை இருந்தால் எந்தப் பக்கமும் வாங்கலாம்.

எல்லாருக்கும் சொல்றீங்களே, நீங்க எப்பவாவது பேதி உப்பு சாப்பிட்டதுண்டா மாமா?
— குறும்புக்காரி, பூப்பாறை

உண்டு. பன்னிரண்டு வயசு. எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் ஒரு பாட்டிலில் கரைத்துக் கொடுத்தார். அந்தக் காலத்தில் பாட்டிலின் பக்கவாட்டில் பல்லுப் பல்லாக வெட்டிய ஒரு காகிதத் துண்டை ஒட்டியிருப்பார்கள். ஒரு பல்லு ஒரு வேளை. 'ராத்திரி ஒரு பல்லு, போதும்' என்றார். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. மூன்று தடவை கசக்கவேண்டாமே என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று பல்லையும் ஒரே மூச்சில் முடித்தேன். அதுவும் காலையில். அன்றைக்குத்தான் சித்தப்பா கல்யாணத்துக்குப் போடிக்குப் பஸ்.

போடிமெட்டிலிருந்து கீழே இறங்க 17 கொண்டை ஊசி வளைவு. எத்தனையாவது வளைவில் என்று மட்டும் கேட்காதே. கண்டக்டர் நல்ல மனுஷன், விசிலடித்து நிறுத்தினார். கல்யாணத்தில் புதுச்சட்டை போடாத ஒரே பையன் நான்தான்.